அம்பு படுத்திருந்தால்

யூன் 2, 2025
காலமை 5.10க்கு மகளுக்குச் சீனி பார்க்கிற சென்சரை ஒட்டியாச்சு. இடது கை, தோளுக்குக் கீழ, பின்பக்கம். ஒரு மணித்தியாலம் பொறுக்கச் சொல்லுது. 6.10: போனில 142. சீனி போற பக்கத்தைக் காட்டுற அம்பு படுத்திருக்கு. படுத்திருந்தால் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

யூன் 3
நித்திரை இல்லை.

யூன் 4
இரவு 2.20க்கு அலாரம். 66. ஓடிப் போய்ப் பார்த்தால் சென்சர் இருக்கிற கைக்கு மேலேயே படுத்திருக்கிறாள். விரலில குத்தினால் 104. அது இரத்தத்தைப் பார்க்கிறதில்லை, தோலுக்குக் கீழ இருக்கிற நீரைத்தான் பார்க்குது. அமத்திப் படுத்தால் பொய்யாக் குறைச்சுக் காட்டும். தெரிஞ்சும் விடியும்வரை அவளின்ர நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தன். ஃபான் சுத்தியும் வேர்க்குது. இது வெக்கைக்கு வாற வேர்வையோ, சீனி இறங்கிற வேர்வையோ, எனக்குப் பிரிக்கத் தெரியேல்லை.

யூன் 6
இடியப்பம் 5, சொதி. 231, அம்பு நேரே மேல. இன்சுலின் ஊசி போட்டு 15 நிமிசம் பொறுத்துக் குடுத்தால் இவ்வளவு ஏறாது. பள்ளிக்கூட வான் 6.40க்கு வந்திடுது.

யூன் 9
வகுப்புக்குள்ள அவளின்ர போன் கூடாதாம். ஒஃபீசில வைச்சுக்கொள்ளலாமாம். சென்சரில இருந்து ஆறேழு மீற்றர் தள்ளிப் போனால் ஒண்டும் வராது எண்டு இரண்டு தரம் சொல்லிப் பார்த்தன். காலமை 7.30க்குப் பிறகு என்ர போனில வெறும் இடம்.

பின்னேரம் வீட்டில அவளின்ர போனைச் சென்சருக்குக் கிட்டக் கொண்டுபோக, விட்ட கோடு முழுக்க வந்து விழுந்தது. 10.35க்கு 63. நான் வேலைத்தலத்தில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்த நேரம்.

“கை நடுங்கினது. பையில இருந்த ரொபி ரெண்டு திண்டனான் அம்மா.”

யூன் 10
பொசன் போயா. காலி வீதியில தன்சல் பந்தல், இலவசமா ஐஸ்கிறீம் குடுக்கினம். ஊசி போட்டுவிட்டு வரிசையில நிண்டம். வரிசை நீளம், 15 நிமிசம் தானாப் போச்சு. 168க்கு மேல போகேல்லை!

யூன் 12
61. சீனித் தண்ணி. 10 நிமிசத்தால 59. பயத்தில திரும்பவும் குடுத்திட்டன். இரத்தத்தில அப்பவே ஏறியிருக்கும், சென்சருக்குப் பிந்தித்தானே தெரியும். பிறகு 274. பிழை என்ர.

யூன் 13
தலை இழுக்கேக்க, “என்ன நம்பர் அம்மா?” எண்டு கேக்கிறாள். நான் அவளின்ர ரிப்பனைத்தான் பார்த்துக்கொண்டு நிண்டனான்.

யூன் 15
நாளையோட 14 நாள். வேர்வையில ஓரம் கிளம்பிட்டுது, பிளாஸ்டர் போட்டு ஒட்டியிருக்கு. அடுத்தது வலது கை. அவள் கூடுதலாப் படுக்கிறதும் வலப்பக்கம்தான்.

இரவு 11.40. 118. அம்பு சரியுது.

11.52. 109.