‘ப்ளூ செவன்’ கேட்ட மார்ச்

மார்ச் 3, 2025, திங்கள்

கீழ்வீட்டில் குழந்தை பிறந்து பத்து நாளாகிறது. இசைத்தட்டைச் சத்தமாகப் போட மனம் வரவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சானி ரோலின்ஸின் ‘சாக்ஸபோன் கொலாசஸ்’ தட்டின் இரண்டாம் பக்கத்தை வைத்தேன். முதலில் ‘மோரிடாட்’, அடுத்தது ‘ப்ளூ செவன்’. டக் வாட்கின்ஸின் டபுள் பேஸ் மட்டும் தனியாக நடந்து வருகிறது. அவசரமே கிடையாது. நள்ளிரவில் விளக்குப் போடாமல் மாடிப்படி இறங்குகிறவர் ஒவ்வொரு படியையும் காலால் தடவிப் பார்ப்பாரே, அப்படி. சற்றுப் பொறுத்து மாக்ஸ் ரோச்சின் டிரம்ஸ். அதற்கும் பிறகுதான் சானி ரோலின்ஸ் வாயைத் திறக்கிறார்.

என் தொல்லை அங்கேதான் ஆரம்பம். சாக்ஸபோனின் முதல் பிடி வந்ததும் ஒரு கட்டுரை என் காதில் பேசத் தொடங்கிவிடுகிறது. தட்டைக் கேட்பதற்கு முன்பே அந்தக் கட்டுரையைப் படித்துத் தொலைத்தவன் நான். பதினொரு நிமிடத்துக்கு மேல் ஓடும் இந்தப் பாட்டை அது இல்லாமல் ஒருமுறையாவது கேட்க முடியுமா என்று பார்ப்பதே இந்த மாதத்து வேலை.

மார்ச் 4, செவ்வாய்

கட்டுரையை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டேன். எழுதியவர் கன்தர் ஷூல்லர். நாட் ஹென்டாஃபும் மார்ட்டின் வில்லியம்ஸும் தொடங்கிய ‘தி ஜாஸ் ரிவ்யூ’ பத்திரிகையின் முதல் இதழில், 1958 நவம்பரில் வந்தது. ஷூல்லர் வெறும் விமர்சகர் அல்லர். மெட்ரோபாலிட்டன் ஆபராவில் பிரெஞ்சு ஹார்ன் வாசித்தவர், டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவோடு ஒலிப்பதிவில் உட்கார்ந்தவர், தாமே இசை எழுதியவர். அதனால்தான் அவர் சொன்னது அவ்வளவு ஆழமாக இறங்கியது.

அவர் வாதம் இது. ஜாஸ் கலைஞர்களில் பெரும்பாலோர் தனி வாசிக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டாத யோசனைகளைக் கோத்துக்கொண்டே போகிறார்கள். ‘ப்ளூ செவ’னில் ரோலின்ஸ் அப்படிச் செய்யவில்லை. தொடக்க மெட்டிலிருந்தே இரண்டு மூன்று சுரங்களை எடுத்து, நீட்டி, குறுக்கி, இடம் மாற்றி, முழு வாசிப்பையும் அந்தக் கருவிலிருந்தே வளர்த்தார். இதை ஷூல்லர் சும்மா சொல்லிவிடவில்லை. சுரக்குறிப்பு எழுதிக் காட்டுகிறார். ரோச்சின் தனியைக்கூட விட்டுவைக்கவில்லை. ஒரு மும்மை நடை, ஸ்நேர் டிரம்மில் ஓர் உருட்டல், இந்த இரண்டே சரக்கில் அத்தனையும் கட்டப்பட்டது என்கிறார்.

கர்நாடகக் கச்சேரியில் நிரவல் கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிதாகப் படாது. ஒரே வரியை எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் அதற்குள்ளேயே சுற்றிவருவதை நாம் கேட்டுப் பழகியவர்கள். ஆனால் 1958இல் ஜாஸைப் பற்றி இப்படி நோட்டும் எழுத்துமாக எழுதியவர்கள் மிகக் குறைவு. அதுவரை தட்டு விமர்சனம் என்றால் ஒரு பத்தியும் நட்சத்திரங்களும்தான். இதே தட்டுக்கு ‘டவுன் பீட்’ பத்திரிகையில் ரால்ஃப் கிளீசன் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார். நியூயார்க் டெனர் சாக்ஸபோன்காரர்களிடம் நளினம் இல்லை என்று குறை சொல்கிறவர்களுக்கு இது பதில் என்பது அவர் கருத்து. நட்சத்திரத்தை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம். ஷூல்லரின் கட்டுரையை எங்கே வைப்பது?

ரோலின்ஸ் அதைப் படித்தார். பிறகு மேடையில் நிற்கும்போது, தாம் என்ன செய்கிறோம் என்பது தமக்கே தெரிந்துபோனது இடைஞ்சலாகிவிட்டது. இனித் தம்மைப் பற்றி எழுதுவதைப் படிப்பதில்லை என்று முடிவெடுத்ததாகப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். திட்டியிருந்தால் கோபித்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்.

மார்ச் 5, புதன்

அலுவலக வேலை. ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் நேற்று எழுத விட்டுப்போயிற்று. ‘சாக்ஸபோன் கொலாசஸ்’ பதிவானது 1956 ஜூன் 22, நியூ ஜெர்சியில் ஹாக்கன்சாக் என்ற ஊரில். ரூடி வான் கெல்டர் தம் பெற்றோர் வீட்டுக் கூடத்தையே ஒலிப்பதிவுக்கூடமாக்கி வைத்திருந்தார். பியானோ டாமி ஃபிளானகன். நான்கே நாள் கழித்து, ஜூன் 26 அன்று, பென்சில்வேனியாவில் கார் விபத்து. டிரம்பெட் வாசித்த கிளிஃபர்ட் பிரவுனும் பியானோக்காரர் ரிச்சி பவலும் போய்விட்டார்கள். ரோலின்ஸும் ரோச்சும் அப்போது அவர்களோடு ஒரே குழுவில்தான் வாசித்துக்கொண்டிருந்தார்கள். தட்டை வாங்கிக் கேட்டு நட்சத்திரம் போட்டவர்களுக்கெல்லாம் அந்த ஜூன் 22 ஒரு தேதி. வாசித்த இருவருக்கும் அது வேறு மாதிரி இருந்திருக்கும்.

மார்ச் 7, வெள்ளி

ரோலின்ஸின் ‘வே அவுட் வெஸ்ட்’ தட்டு பதிவாகி இன்றோடு 68 ஆண்டு. 1957 மார்ச் 7, லாஸ் ஏஞ்சலஸ். பேஸ் ரே பிரவுன், டிரம்ஸ் ஷெல்லி மான். இருவருக்கும் பகலெல்லாம் வேறு வேலை, அதனால் பின்னிரவு 3 மணிக்குத் தொடங்கினார்கள். அட்டையில் ரோலின்ஸ் கவ்பாய் தொப்பியும் துப்பாக்கி உறையுமாகப் பாலைவனத்தில் நிற்கிறார். வில்லியம் கிளாக்ஸ்டன் எடுத்த படம். பார்க்கிறவன் சிரிப்பான். சிரித்துக்கொண்டே தட்டைப் போட்டால் பியானோ இல்லை.

இதுதான் எனக்குப் பெரிய விஷயம். பியானோ இருந்தால் சாக்ஸபோனுக்குக் கீழே ஒரு கம்பளம் விரித்தாற்போல. எங்கே கால் வைத்தாலும் பரவாயில்லை. அதை எடுத்துவிட்டால் வெறும் தரை. பேஸின் ஒற்றைச் சுரம்தான் வழித்துணை. ரோலின்ஸ் அந்த வெறுந்தரையில் மௌனமாகக்கூட நின்று பார்க்கிறார். அதே ஆண்டு நவம்பர் 3 அன்று நியூயார்க் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில், மாலைக் கச்சேரியில் பேஸுக்கு வில்பர் வேரும் டிரம்ஸுக்கு எல்வின் ஜோன்ஸும் மட்டும் துணை. ‘ப்ளூ செவ’னைவிட எனக்கு இந்த வான்கார்ட் பதிவு பிடிக்கும் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். காரணமும் மட்டமானதுதான்: இதைப் பற்றி அப்படியொரு கட்டுரையை நான் படித்ததில்லை.

மார்ச் 8, சனி

‘ஃபிரீடம் சூட்’. 1958. மறுபடியும் மூவர், பேஸ் ஆஸ்கர் பெட்டிஃபோர்ட், டிரம்ஸ் ரோச். ஒரு பக்கம் முழுவதும், ஏறக்குறைய 19 நிமிடம், ஒரே ஆக்கம். அட்டையில் ரோலின்ஸ் சில வரிகள் எழுதினார். அமெரிக்காவின் பேச்சும் சிரிப்பும் இசையும் கறுப்பினத்தவரிடமிருந்து வந்தவை. அந்த மக்களையே இந்நாடு வதைக்கிறது என்பது அதன் சாரம். தட்டு சில காலம்தான் அந்தப் பெயரில் கடையில் இருந்தது. பிறகு அதே இசை ‘ஷேடோ வால்ட்ஸ்’ என்ற சாதுவான பெயரில், வேறு அட்டையோடு வந்தது.

எழுதத் தூண்டியது எது என்று கேட்டபோது, நியூயார்க்கில் வாடகைக்கு வீடு தேடி அலைந்ததைச் சொல்லியிருக்கிறார். பத்திரிகைகள் தலையில் தூக்கிவைத்து ஆடிய அதே காலத்தில், கறுப்பர் என்பதால் வீடு கொடுக்க மறுத்தார்கள். புகழ்ச்சியை அவர் ஏன் சந்தேகத்தோடு பார்த்தார் என்று ஷூல்லர் கட்டுரையை மட்டும் வைத்துக்கொண்டு விளக்க முடியாது போலிருக்கிறது. என் செவ்வாய்க்கிழமைத் தீர்ப்பைக் கொஞ்சம் தளர்த்துகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிய நாள். தூக்கம் கெட்டுப்போனது கெட்டதுதான் என்று வில்லியம்ஸ்பர்க் பாலத்துக்கு நடந்தேன்.

1959 கோடையில், 28 வயதில், ரோலின்ஸ் கச்சேரிகளை நிறுத்தினார். வீடு கிராண்ட் தெருவில். பக்கத்து வீட்டில் ஒரு கர்ப்பிணி. அவருக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாதென்று வாத்தியத்தை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தவர் இந்தப் பாலத்தைக் கண்டுகொண்டார். 1961 வரை வெயிலோ பனியோ இங்கேதான் சாதகம். சில நாள் பதினைந்து மணி நேரம்கூட.

டெலான்சி தெருப் பக்கம் ஏறினால் சிவப்பு மங்கி இளஞ்சிவப்பாகிப்போன கம்பி அழிகள் இரு பக்கமும். கீழே கார்கள். நடுவே ரயில். ரயில் வந்தபோது கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண் பேச்சை நிறுத்திக் காத்திருந்தாள், அவ்வளவு இரைச்சல். நான் வாயைக் குவித்து ஓங்கி ஒரு சத்தம் போட்டுப் பார்த்தேன். எனக்கே கேட்கவில்லை. இங்கே நின்று ஊதினால் தன் சத்தத்தைத் தானே ரசிக்க முடியாது, பிறர் ரசிப்பதும் காதில் விழாது. ஆற்றில் படகு ஊதினால் இவரும் பதிலுக்கு ஊதுவாராம்.

இந்த ரகசியமும் பத்திரிகைக்குப் போனது. 1961இல் ‘மெட்ரோனோம்’ பத்திரிகையில் ரால்ஃப் பெர்ட்டன், பெயரையும் பாலத்தையும் மாற்றித்தான் எழுதினார். யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

மார்ச் 13, வியாழன்

ரோலின்ஸ் 1961 நவம்பரில் மேடைக்குத் திரும்பினார். 1962 ஜனவரிக் கடைசியிலும் பிப்ரவரி நடுவிலும் ‘தி பிரிட்ஜ்’ (பாலம்) தட்டின் பதிவு. பியானோவுக்குப் பதில் ஜிம் ஹாலின் கிட்டார். இதற்குள் கட்டற்ற ஜாஸ் வாசித்த ஆர்னெட் கோல்மன் நியூயார்க்கில் வந்து இறங்கி, இசையுலகத்தை இரண்டு கட்சியாக்கியிருந்தார். இரண்டு ஆண்டு வனவாசம் போனவர் கையில் என்ன கொண்டுவருவார் என்று காத்திருந்தவர்களுக்கு, பழைய ரோலின்ஸே இன்னும் தெளிவாகத் திரும்பி வந்தது ஏமாற்றமாக இருந்தது. இதற்கா பாலம் என்று முணுமுணுத்தார்கள்.

நான் அதில் ‘காட் பிளெஸ் தி சைல்ட்’ மட்டும் மூன்று முறை கேட்டேன். ஜிம் ஹால் எங்கெல்லாம் வாசிக்காமல் இருக்கிறார் என்று கவனித்தால் போதும், முணுமுணுத்தவர்கள் அவசரக்காரர்கள் என்பது விளங்கும். வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு ஜூலையில் கோல்மனின் கூட்டாளிகளான டான் செர்ரியையும் பில்லி ஹிக்கின்ஸையும் சேர்த்துக்கொண்டு ‘ஓலியோ’ என்ற பாட்டை 25 நிமிடம் பிய்த்து உதறினார் ரோலின்ஸ்.

மார்ச் 16, ஞாயிறு

ஷூல்லருக்கு ஒரு மறுப்பு இருக்கிறது. அரைநூற்றாண்டு தாமதமாக வந்தது. பெஞ்சமின் கிவன் என்ற இசையியலாளர் 2014இல் எழுதியது. ‘ப்ளூ செவ’னின் தொடக்க மெட்டே முன்கூட்டி எழுதியதல்ல, அந்த இடத்தில் தோன்றியது என்று அவர் வாதிடுகிறார். ஷூல்லர் கரு என்று கண்டுபிடித்த பிடிகளும், அந்தக் காலத்தில் ரோலின்ஸ் மற்ற பாட்டுகளிலும் வழக்கமாக வாசித்தவையே. கை பழகிய பிடிகளைத் திட்டமிட்ட கட்டுமானம் என்று படித்துவிட்டார் ஷூல்லர்.

படித்ததும் சந்தோஷமாக இருந்தது. உடனே தட்டைப் போட்டேன். பலன்? இப்போது காதில் இரண்டு பேர் வழக்காடுகிறார்கள்.

மார்ச் 22, சனி

மாடிப்படியில் கீழ்வீட்டுக்காரர். ஒரு மாதமாகச் சத்தம் வைக்காததற்கு நன்றி சொன்னார். பிறகு, அந்தத் தும் தும் ஏன் நின்றுவிட்டது என்று கேட்டார். குழந்தை வயிற்றில் இருந்தபோது அவர் மனைவி அதைக் கேட்டபடிதான் தூங்குவாராம். எந்தத் தும் தும் என்று புரியச் சற்று நேரமானது. பலகைத் தரை. தாழ்ந்த சுரம்தான் இறங்கும்; மற்றதெல்லாம் என் வீட்டோடு நின்றுவிடும்.

டக் வாட்கின்ஸ் என்று பெயர் சொன்னேன். அவர் 1962 பிப்ரவரி 5 அன்று அரிசோனாவில் கார் விபத்தில் இறந்தார் என்பதை, கைக்குழந்தை உள்ள வீட்டு வாசலில் நின்றுகொண்டு சொல்லவில்லை. வயது 27. ‘தி பிரிட்ஜ்’ ஒலிப்பதிவின் இரண்டு அமர்வுகளுக்கு நடுவில்.

இரவு எட்டரைக்கு, மனைவியை மேலே தட்டைப் போடச் சொல்லிவிட்டு, அவர்கள் சமையலறையில் போய் நின்றேன். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ‘மோரிடாட்’ பத்து நிமிடம் ஓடி ஓய்ந்தது. பிறகு கூரையிலிருந்து வாட்கின்ஸ், ஒவ்வொரு படியாக இறங்கினார். நான்கு எண்ணிக்கை கொண்ட ஆவர்த்தனம் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு சுற்று, விரலில் எண்ணிக்கொண்டேன். நான்காவது சுற்றோ ஐந்தாவதோ, எண்ணிக்கை தவறிவிட்டது. ரோலின்ஸ் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை.