1975-க்கு முன்னாலா, பின்னாலா?

மகளுக்காகப் பார்த்த வயலின் வில் ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தது. விலையைவிட அதன் வயதுதான் எங்களைப் படுத்தி எடுத்துவிட்டது. லண்டனில் பழைய வில் வாங்குகிறவர்கள் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்தர் பல்டிட்யூட் செய்த வில். பல வருடம் லண்டன் வயலின், வில் தயாரிப்பாளர்களான ஹில் நிறுவனத்தின் முத்திரையில் வில் செய்துவிட்டு, 1961-ல் வெளியே வந்து கென்ட்டில் உள்ள ஹாக்ஹர்ஸ்ட்டில் சொந்தப் பெயரில் செய்தவர். விற்றவர் ஓய்வுபெற்ற ஆர்கெஸ்ட்ரா கலைஞர். வாசித்துப் பார்த்ததும் விலை பேசியதும் ஒரே மாலையில் முடிந்தன.

வம்பு நுனியில் இருந்தது. நகம் அளவுக்கு ஒரு தந்தத் தகடு, ஓரத்தில் லேசாகப் பழுப்பேறியது. 2022 ஜூனிலிருந்து பிரிட்டனில் தந்தம் உள்ள பொருளை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். இசைக்கருவிக்கு விலக்கு உண்டு, வில்லும் அதில் சேரும். ஆனால் தந்தம் கன அளவில் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 1975-க்கு முன் செய்ததாக இருக்க வேண்டும், விற்கும் முன் பதிய வேண்டும். வில்லில் பெயர் இருக்கிறது, வருடம் இல்லை. இவரோ 1975-க்குப் பிறகும் வில் செய்தவர்!

ஒரு கடைக்காரர், "யார் பார்க்கப் போகிறார்கள், பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். மாட்டினால் அவரா வருவார்? அப்புறம் ஒரு மதிப்பீட்டாளரிடம் பணம் கட்டிக் கடிதம் வாங்கினோம். அதில் "1970-களில் செய்தது" என்று எழுதியிருந்தார். 1971-ம் எழுபதுகள்தான், 1979-ம் எழுபதுகள்தான். திரும்பக் கேட்டால், பாணியை வைத்து அதற்கு மேல் சொல்ல முடியாதாம். இதைப் பணம் வாங்கும் முன் சொல்லியிருக்கலாம்.

கடைசியில் காப்பாற்றியது, இந்த வில்லுக்கு முடி மாற்றியதற்கான ஒரு ரசீது. விற்ற பெரியவர் வயலின் பெட்டியின் துணிக்கு அடியில் செருகி வைத்திருந்தார். மங்கிய கார்பன் நகல். செய்தவர் பெயர், வெள்ளிப் பூண், புதுக் குதிரைமுடி, தேதி 1973. அதையும் தகட்டின் படங்களையும் வைத்து, 20 பவுண்டு கட்டி, அவரே இணையத்தில் பதிந்தார். அது சுலபமாக முடிந்தது.

மதிப்பீட்டாளரிடம் போனால் "1975-க்கு முன் செய்தது என்று எழுதித் தர முடியுமா?" என்பதை முதலில் கேளுங்கள், பணத்தை அப்புறம் கொடுங்கள். பதிவு அந்த ஒரு விற்பனைக்குத்தான். நாளைக்கு நாம் விற்றால் மறுபடி பதிய வேண்டும். அதனால் அந்த ரசீதையே கேட்டு வாங்கிவிட்டேன். டிசம்பர் சீசனுக்குச் சென்னை போகும்போது மகள் கையில் கார்பன் ஃபைபர் வில்தான். தந்தத்தோடு சுங்க அதிகாரி முன்னால் போய் நிற்க எனக்குத் தெம்பில்லை.