பன்னிரண்டரை டிகிரியில் துருவ நட்சத்திரம்

ஓரியன் விண்மீன் குழுவில் ஒளிரும் வாயு மேகமான ஓரியன் நெபுலாவை நான் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு யாராவது "என்ன கேமரா?" என்று கேட்டால், நான் டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்பும் மவுண்டைப் பற்றித்தான் பேச ஆரம்பிப்பேன். கேமரா, வீட்டு விசேஷங்களுக்காக வாங்கிய கேனான் 200டி. டெலஸ்கோப், 80 மி.மீ. விட்டமும் 480 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட சின்ன லென்ஸ் வகை. மொத்தச் செலவில் பாதிக்கு மேல் போனது மவுண்டுக்கு. புதிதாக ஆரம்பிப்பவர்களும் பணத்தை அங்கேதான் போட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கணக்கைப் பாருங்கள். வானம் வினாடிக்கு 15 ஆர்க்செகண்ட் நகர்கிறது (ஒரு டிகிரியை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு ஆர்க்செகண்ட்). என் கேமராவையும் டெலஸ்கோப்பையும் சேர்த்தால் ஒரு பிக்சலுக்கு 1.6 ஆர்க்செகண்ட் வருகிறது. ஓரியன் பக்கம் திருப்பி, மவுண்ட் ஓடாமல் ஷட்டரை 30 வினாடி திறந்து வைத்தால், ஒவ்வொரு நட்சத்திரமும் 280 பிக்சல் நீளக் கோடாகிவிடும். இது புதிய சிக்கலும் இல்லை. அமெரிக்க வானியலாளர் ஹென்றி டிரேப்பர் 1880 செப்டம்பர் 30 அன்று இதே நெபுலாவை உலகிலேயே முதல்முறையாகப் படம் எடுத்தார். 11 அங்குல டெலஸ்கோப், 51 நிமிட எக்ஸ்போஷர். அவ்வளவு நேரமும் ஒரு கடிகாரப் பொறி டெலஸ்கோப்பை வானத்தோடு சேர்த்துத் திருப்பிக்கொண்டே இருந்தது. இப்போது அந்த வேலையைச் செய்வது மோட்டார்.

மோட்டார் சரியாக ஓடினால் மட்டும் போதாது. மவுண்டின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக, வானம் எந்தப் புள்ளியைச் சுற்றுவதுபோல் தெரிகிறதோ அந்த வான துருவத்தை நோக்கி இருக்க வேண்டும். யூடியூபில் இதற்கான வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எடுக்கப்பட்டவை. அவர்களுக்கு அந்தத் துருவத்தை ஒட்டியுள்ள துருவ நட்சத்திரம் நாற்பது ஐம்பது டிகிரி உயரத்தில் பளிச்சென்று நிற்கும். நமக்கு அப்படி இல்லை. துருவம் எவ்வளவு உயரம் என்பது நாம் இருக்கும் அட்சரேகைதான். சென்னையில் 13 டிகிரி, கன்னியாகுமரியில் 8. நான் படம் எடுப்பது ஆலங்காயம் பக்கம் சித்தப்பாவின் மாந்தோப்பில். காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் அங்கிருந்து கிட்டத்தில்தான், அதே ஜவ்வாது மலை வானம். துருவ நட்சத்திரம் பன்னிரண்டரை டிகிரி உயரத்தில் இருக்க வேண்டும். அந்த உயரத்தில் எனக்குத் தெரிவது பக்கத்துக் கொல்லையின் தென்னை வரிசை. தென்னை இல்லாத இடத்தில் நின்றாலும் அடிவானப் புழுதியும் பனிமூட்டமும் அதை விழுங்கிவிடும்.

அதனால் மவுண்ட் வாங்கும் முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது எந்த அட்சரேகை வரை இறங்கும் என்பது. 15 டிகிரிக்குக் கீழே இறங்காத மவுண்ட்களும் விற்பனைக்கு வருகின்றன. அடுத்தது எடைக்கம்பி, அதாவது டெலஸ்கோப்பைச் சமன்செய்யும் எடைகளை மாட்டும் கம்பி. அச்சு இவ்வளவு தாழ்வாகப் படுத்திருக்கும்போது எடைக்கம்பி கிட்டத்தட்ட நேர்க்குத்தாகத் தொங்கும், ட்ரைபாட் காலில் இடிக்கும். எந்தக் காலை வடக்கே வைத்தால் இடிக்காமல் இருக்கிறது என்று பகலிலேயே, டெலஸ்கோப்பை மாட்டாமல், சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

துருவம் தெரியாமல் துருவத்துக்கு எப்படித் திருப்புவது? லேப்டாப் கையில் இருந்தால் சுலபம். நைனா என்ற இலவச மென்பொருளில் ஒரு செருகுநிரல் உண்டு. வானத்தில் மூன்று இடங்களைப் படம் எடுத்து, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று அதுவே கணக்கிட்டுச் சொல்லும். எனக்கு அதைவிடப் பிடித்தது கேமரா மட்டுமே போதும் என்கிற பழைய வழி. பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் போகும் வான நடுக்கோட்டை ஒட்டிய ஒரு நட்சத்திரம் வேண்டும். ஓரியன் பட்டையின் மேற்கு ஓரத்து நட்சத்திரமான மின்டகா கிட்டத்தட்ட அந்தக் கோட்டின் மேலேயே இருக்கிறது. அது உச்சிக்கு வரும் நேரத்தில் 125 வினாடிக்கு ஷட்டரைத் திறக்கிறேன். முதல் ஐந்து வினாடி சும்மா விட்டால் நட்சத்திரம் ஒரு புள்ளியாகப் பதியும். அப்புறம் மவுண்டின் கன்ட்ரோலரில் மிகக் குறைந்த வேகத்தை வைத்து ஒரு நிமிடம் மேற்கே ஓட்டுகிறேன். அடுத்த நிமிடம் கிழக்கே திருப்பி ஓட்டுகிறேன். அச்சு சரியாக இருந்தால் போன கோட்டின் மேலேயே நட்சத்திரம் திரும்பி வரும், திரையில் ஒரே கோடுதான் இருக்கும். விலகியிருந்தால் கோடு இரண்டாகப் பிரிந்து கவட்டை மாதிரி விரியும். மவுண்டின் பக்கவாட்டுத் திருகைக் கொஞ்சம் திருப்பி மறுபடி ஒரு படம். கவட்டை குறுகினால் திருப்பிய திசை சரி, விரிந்தால் எதிர்த் திசை. உயரத் திருகுக்கும் இதே வேலைதான், ஆனால் கிழக்கிலோ மேற்கிலோ தாழ்வாக நிற்கும் நட்சத்திரத்தை வைத்துச் செய்ய வேண்டும். பொழுது பிடிக்கும்தான். ஆனாலும் கவட்டை மெல்ல மெல்ல மூடி ஒற்றைக் கோடாவதைப் பார்க்கிற சந்தோஷம் எனக்குப் படத்தைப் பார்க்கிற சந்தோஷத்துக்குக் குறைந்ததில்லை.

ஃபோகஸுக்கு, டெலஸ்கோப் வாயில் மாட்டும் கீற்றுத் தட்டான பாட்டினோவ் மாஸ்க் வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. அதைப் போட்டால் பிரகாசமான நட்சத்திரத்தில் மூன்று கதிர்கள் தெரியும், நடுக்கதிர் மற்ற இரண்டுக்கும் சரிநடுவில் வந்தால் முடிந்தது.

ஓரியனுக்கு ஏற்ற இரவு தை அமாவாசையை ஒட்டி வரும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், இரவு ஒன்பது மணிவாக்கில் நெபுலா நமக்கு எழுபது டிகிரிக்கு மேல் ஏறி நிற்கும். அவ்வளவு உயரத்தில் காற்றின் தடுமாற்றம் குறைவு. ஐஎஸ்ஓ 800, ரா ஃபைல், 45 வினாடி, ரிமோட் டைமர். கேமரா மெனுவில் நீண்ட எக்ஸ்போஷருக்கான இரைச்சல் (படத்தில் விழும் புள்ளிப் பிசிறு) நீக்கத்தை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு படத்துக்கும் அதே அளவு நேரம் வீணாகும். சித்தப்பா டார்ச்சோடு வந்து தூரத்திலேயே நின்று, "லைட்டு அடிக்கலாமாடா?" என்பார். "இருங்க சித்தப்பா, இன்னும் முப்பது வினாடி." நிஜமாகவே நிற்பார். ஷட்டர் மூடும் சத்தம் கேட்ட பிறகுதான் வரப்பில் கால் வைப்பார்.

ஒரு தனிப் படத்தை மட்டும் பார்த்தால் புதியவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். நடுவில் வெளுத்த ஒரு திட்டு, சுற்றிலும் ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த ஒரு மங்கல், அப்புறம் எங்கும் பொரிப்பொரியாக இரைச்சல். அதே மாதிரி நூறு படங்களை மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. அதுவரை இரைச்சலுக்குள் கிடந்த சிறகு போன்ற வெளிப்புற இழைகள் அப்போதுதான் எழுந்து வருகின்றன. நடுவில் இருக்கும் டிரப்பீசியம் என்ற பிரகாசமான நட்சத்திரக் கொத்து 45 வினாடியில் வெளுத்து எரிந்துபோகும். அதற்காக 4 வினாடிப் படங்கள் கொஞ்சம் தனியாக எடுத்து, கடைசியில் நடுப்பகுதியை மட்டும் அதிலிருந்து சேர்க்கிறேன்.

டார்க் ஃப்ரேமை (மூடியைப் போட்டு எடுத்து, சென்சாரின் இரைச்சலைக் கழிக்கப் பயன்படும் படம்) மறுநாள் வீட்டில் எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். கேமரா சென்சாரின் வெப்ப இரைச்சல் வெப்பம் ஏறத்தாழ ஆறேழு டிகிரி செல்சியஸ் கூடும் ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகும். தோப்பின் விடியற்காலைக் குளிர் வீட்டு ஹாலில் கிடைக்காது. மூடியைப் போட்டு அங்கேயே, அதே ஐஎஸ்ஓ, அதே 45 வினாடி. படத்தின் ஓரக் கருமையையும் தூசி நிழலையும் சரிசெய்யும் ஃபிளாட் ஃப்ரேமுக்கு வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து டெலஸ்கோப் வாயில் ரப்பர் பேண்டால் கட்டி, விடிந்ததும் வானத்தைப் பார்த்து எடுக்கிறேன். கேமராவை அதுவரை கழற்றக் கூடாது, ஃபோகஸையும் தொடக் கூடாது. அடுக்குவதற்கு டீப்ஸ்கைஸ்டாக்கரும் சிரிலும் இருக்கின்றன, இரண்டும் இலவசம்.

கேமராவின் உள் ஃபில்டரை எடுத்துவிடலாமா என்று பலர் ஆரம்பத்திலேயே யோசிக்கிறார்கள். அந்த ஃபில்டர் 656 நானோமீட்டரில் வரும் ஹைட்ரஜன் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுப்பது உண்மை. குதிரைத்தலை நெபுலாவுக்கு அது பெரிய இழப்பு. ஆனால் ஓரியன் நெபுலா போதுமான அளவு பிரகாசமானது. கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றியுள்ள நீலப் புகைக்கும் ஆண்ட்ரோமீடாவுக்கும் ஃபில்டர் ஒரு தடையே இல்லை. முதல் வருஷம் கேமராவில் கை வைக்காதீர்கள்.

துருவம் தாழ்ந்திருப்பதால் நமக்குத் தெற்கு வானம் தாராளமாகக் கிடைக்கிறது. ஒமேகா சென்டாரி லண்டனில் உதிப்பதே இல்லை. ஆலங்காயத்தில் 30 டிகிரி வரை ஏறுகிறது. சுமார் 17,000 ஒளியாண்டு தூரத்தில் உள்ள நட்சத்திரக் கூட்டம் அது, ஹைட்ரஜன் சிவப்பு தேவையில்லை, இந்தச் சின்ன டெலஸ்கோப்பிலேயே நன்றாக விரியும். ஏப்ரல் அமாவாசைக்கு அதைத்தான் குறித்து வைத்திருக்கிறேன். 20 வினாடிப் படங்களாக, தெற்குப் பக்கம் மரமில்லாத கிணற்று மேட்டிலிருந்து. வெயில் காலம் என்பதால் டார்க் இரண்டு மடங்கு எடுக்க வேண்டியிருக்கும்.