கொத்து ரொட்டி மேல் விழுந்த பழி

எனக்கு ஒற்றைத் தலைவலி வந்தால் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "நேத்து ராத்திரி கொத்து சாப்பிட்டியா?" பெரும்பாலும் சாப்பிட்டுத்தான் இருப்பேன். ஹட்டனுக்குப் போய்விட்டுக் கொத்து சாப்பிடாமல் தலவாக்கலைக்குத் திரும்பிய ஞாபகமே இல்லை. அதனால் குற்றவாளி கொத்தில் போடும் அஜினமோட்டோதான் என்று வீட்டில் எப்போதோ தீர்ப்பாகிவிட்டது. நானும் நம்பி, நூடுல்ஸ் பக்கெட்டைத் திருப்பி அஜினமோட்டோவைக் குறிக்கும் 621 என்ற இலக்கம் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் வாங்கினேன்.

இந்தப் பயம் 1968இல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் வந்த கடிதத்திலிருந்து கிளம்பியது. சீனக் கடையில் சாப்பிட்டால் பிடரி மரத்துப்போகிறது, படபடக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார், அவ்வளவுதான். பிறகு எதைச் சாப்பிடுகிறோம் என்று தெரியாமல் ஆட்களுக்குக் கொடுத்துச் சோதித்தபோது, சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்த அஜினமோட்டோ தலைவலியைக் கொண்டுவரும் என்று உறுதியாகக் காட்ட முடியவில்லை. அதிலிருக்கும் குளுட்டமேட் தக்காளியிலும் இருக்கிறதே, தக்காளிச் சம்பலை நாங்கள் யாராவது சந்தேகப்பட்டோமா?

சரி, பார்த்துவிடலாம் என்று ஒரு பழைய கொப்பியில் மூன்று மாதம் எழுதினேன். என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, எவ்வளவு தூங்கினேன், தேத்தண்ணி எப்போது குடித்தேன், எல்லாம். ஒன்பது தடவை தலைவலி வந்திருந்தது, அதில் ஐந்து ஹட்டன் போன நாட்களை ஒட்டி. ஆனால் தம்பி அதே கடையில் கொத்து வாங்கி வர, நான் வீட்டில் சாப்பிட்ட நாட்களில் ஒன்றுமே இல்லை! அப்புறம்தான் உறைத்தது. ஹட்டன் போகிற அன்று விடியற்காலை பஸ், அரை ரொட்டி, பகல் சாப்பாடு கிடையாது, சாயந்தரம் வயிறு ஒட்டிப்போன பிறகுதான் கொத்து. பசிதான் ஆளை அடித்திருக்கிறது, பழி அஜினமோட்டோ மேல்.

இன்னும் இரண்டு தலைவலி லீவு நாட்களில். வழக்கமாக ஐந்து மணிக்கே சாயத் தேத்தண்ணி குடிக்கிறவள் ஒன்பது மணி வரை தூங்கினால், கஃபீன் கிடைக்காமலும் தலை வலிக்குமாம்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. தலைவலிக்கு முதல் நாளே கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, சொக்லேட் ஆசை எல்லாம் கொப்பியில் பதிவாகியிருந்தன. ஒற்றைத் தலைவலி வலிப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலேயே மூளையில் தொடங்கிவிடுமாம், இனிப்பு ஆசையும் அதன் அறிகுறியாக இருக்கலாம். அப்படியென்றால் நான் சொக்லேட் தின்று தலைவலி வரவில்லை, தலைவலி வரப்போவதால்தான் தின்றிருக்கிறேன்.

சோசேஜை மட்டும் விடுதலை செய்யவில்லை. அதில் போடும் நைத்திரைற்று, பக்கெட்டில் 250 என்று எழுதியிருக்கும், உடலில் இரத்தக்குழாயை விரிக்கும் நைத்திரிக் ஒட்சைட்டாக மாறக்கூடியது. நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசையும் அதே வழியில் வேலை செய்வதால்தான் பலருக்குத் தலையிடிக்கும். இரண்டு தடவை தின்றேன், இரண்டு தடவையும் படுத்தேன். இரண்டு தடவை ஒரு சான்றே இல்லை, ஆனாலும் மூன்றாவது தடவை சோதிக்க எனக்குத் தைரியம் இல்லை.

இப்போது ஹட்டன் போகும்போது பையில் ரொட்டியும் கட்டச்சம்பலும் இருக்கும். போன சனிக்கிழமை அப்படித்தான் போய், இரவு கொத்தும் சாப்பிட்டேன், தலை வலிக்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன். சித்தாலேப தைல டப்பாவை மூடிக்கொண்டே, "அன்னைக்குக் கடைக்காரன் அஜினமோட்டோ போட மறந்திருப்பான்" என்றார்.