திருமுக்கூடல்: பெருமாள் கோயில் சுவரில் மருந்துப் பட்டியல்

செங்கல்பட்டு–காஞ்சிபுரம் சாலையில் பழையசீவரத்தில் இறங்கி, மலைமேல் லட்சுமி நரசிம்மரைச் சேவித்துவிட்டுப் பாலாற்றுப் பாலம் கடந்தால் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுமிடம். அப்பன் வெங்கடேசப் பெருமாளைக் கண்குளிரச் சேவித்த கையோடு திரும்பிவிடாதீர்கள். முதல் பிராகாரத்துக் கிழக்குச் சுவரில் வீரராஜேந்திர சோழன் (1063–1070) காலக் கல்வெட்டு இருக்கிறது.

உச்சி வெயிலில் எழுத்துப் பிடிபடாது. வெயில் சாய்வாக விழும் வேளையே சரி. மாவும் சுண்ணாம்பும் தடவ வேண்டாம், கல் கெடும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. மருந்துப் பெயர்களில் கிரந்தம் (வடமொழி எழுதப் பயன்பட்ட எழுத்து) கலக்கும். பழகாதவர் தடுமாறுவது அங்கேதான்.

பெருமாளின் திருவமுது, வேதம் படிக்கும் மாணவர்க்குச் சோறு, சனிக்கிழமை முழுக்குக்கு எண்ணெய் என்று போகும் அதே கணக்கில் 'வீரசோழன்' என்னும் ஆதுலர் சாலையும் (மருத்துவமனையும்) வருகிறது. படுத்திருக்கும் நோயாளர் 15 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி (நாழி, படி, பதக்கு, கலம் எல்லாம் பழைய முகத்தல் அளவுகள்). பரம்பரை வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்யும் சல்லியக்கிரியைக்காரருக்கு 30 கலம்தான். மூலிகை பறித்து மருந்து காய்ச்ச இருவர், மருந்து கொடுத்துக் கவனிக்கப் பெண்கள் இருவர், ஒரு நாவிதர். இரவு முழுக்க எரிய ஒரு விளக்கு. நோயாளிக்கு இருட்டு எவ்வளவு பெரிய துன்பம் என்று அறிந்தவர்கள் எழுதியது!

அடுத்தது மருந்து இருப்பு. வாசாஹரீதகி (ஆடாதோடையும் கடுக்காயும்) 2 படி, தசமூலஹரீதகி (பத்து வேரும் கடுக்காயும்) 1 படி, மண்டூர வடகம் 2000 உருண்டை. மண்டூரம் என்பது பழைய இரும்புக் கிட்டம். சோகை நோய்க்கு ஆயுர்வேத முன்னோடி சரகர் சொன்ன மருந்து. பட்டியலில் வரும் கல்யாண லவணம் என்னும் உப்பு மருந்து, இன்னொரு முன்னோடி சுசுருதரின் வாதநோய்ச் சிகிச்சையில் உள்ளது. பல்லாதகஹரீதகியில் சேரும் சேராங்கொட்டையின் பால் பட்டாலே உடம்பு கொப்பளிக்கும். சுத்தி செய்யாமல் சேர்த்தால் மருந்தே நஞ்சு. வடமொழிச் சம்ஹிதைகள் (மருத்துவ நூல்கள்) சொன்ன மருந்துகள் பாலாற்றங்கரையில் படியும் நாழியுமாக அளக்கப்பட்டதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

புராண சர்ப்பி என்னும் பழநெய்க்காக ஆண்டுதோறும் ஒரு பதக்குப் பசுநெய் ஒதுக்கியிருக்கிறார்கள். உன்மாதம் (சித்தப்பிரமை), வலிப்பு போன்றவற்றுக்கு ஆயுர்வேதம் சொல்லும் இந்த நெய், பல ஆண்டு கிடந்தால்தான் மருந்தாகும். நோயாளி வந்தபிறகு தேடினால் கிடைக்காது.