சார்ட்டர் கப்பலும் கடன்காரர் வரிசையும்: தேர்வுக்கு ஒரு வழிகாட்டல்

தருமபுரியில் இருந்துகொண்டு கடல்சார் சட்டத்தை விருப்பப் பாடமாக எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு, பலரும் மதிப்பெண் இழக்கும் ஒரு வினாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சார்ட்டருக்கு, அதாவது வாடகை ஒப்பந்தத்தில், விடப்பட்ட கப்பல் கடனுக்காக நீதிமன்ற ஆணையால் சிறைப்பிடிக்கப்பட்டு ஏலத்தில் விற்கப்படுகிறது. மாலுமிகள், துறைமுகம், வங்கி, எரிபொருள் விற்றவர், சரக்கு அனுப்பியவர் எனப் பலரும் பணம் கேட்கிறார்கள். யாருக்கு முதலில் கிடைக்கும்?

2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டு அட்மிரால்டி (கப்பல் வழக்குகளுக்கான) சட்டத்தின் 9, 10 பிரிவுகளை ஒப்பித்துவிட்டு உடனே வரிசை எழுதத் தொடங்காதீர்கள். முதலில் 5ஆம் பிரிவைப் பாருங்கள்: இந்தக் கடனுக்காக இந்தக் கப்பலின் மீது கைவைக்க முடியுமா? டிமைஸ் சார்ட்டரில் கப்பல் முழுவதுமாகச் சார்ட்டரரின் (வாடகைக்கு எடுத்தவரின்) வசம் போய்விடுவதால், கடன் உண்டானபோது டிமைஸ் சார்ட்டரராக இருந்தவரே சிறைப்பிடிக்கும்போதும் டிமைஸ் சார்ட்டரராகவோ உரிமையாளராகவோ இருந்தால் கப்பலைப் பிடிக்கலாம். இந்த இரண்டு தேதிகளில்தான் வினா தயாரிப்பவர் பொறி வைப்பார். குறிப்பிட்ட காலத்துக்குக் கப்பலின் சேவையை மட்டும் வாடகைக்கு எடுக்கும் டைம் சார்ட்டரில் கப்பல் உரிமையாளரின் வசமே இருக்கிறது. சார்ட்டரர் தன் பொறுப்பில் வாங்கிய எரிபொருளுக்குப் பணம் தராவிட்டால், அதற்காகக் கப்பலைப் பிடிப்பது பொதுவாக இயலாது. இந்தச் சட்டம் நடைமுறைக்கு வருமுன் எழுந்த ஜியோவேவ் கமாண்டர் வழக்கில் (2018 தீர்ப்பு), அந்தக் கப்பலை எடுத்திருந்த டிமைஸ் சார்ட்டரருக்குத் துணைப் படகுகளை வாடகைக்கு விட்டுப் பணம் பெறாதவர்களால் அதைச் சிறைப்பிடிக்க முடியவில்லை.

அதன் பிறகே வரிசை. கப்பலைக் காத்து விற்ற செலவு போக, முதலில் மாரிடைம் லீன், அதாவது உரிமையாளர் மாறினாலும் கப்பலோடு ஒட்டியே வரும் கடனுரிமை. அதற்குள் மாலுமிகளின் சம்பளம், உயிரிழப்பு மற்றும் காயம், மீட்புப் பணி, துறைமுகக் கட்டணம், மோதல் போன்ற சேதம் என்ற ஒழுங்கு. அடுத்து பதிவு பெற்ற அடமானம், கடைசியில் மற்றவை. கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைத் துறைமுகம் வழியாக மாங்கூழ் அனுப்புபவரின் பீப்பாய்கள் கப்பலில் கெட்டுப்போனால் அவர் நிற்பது இந்தக் கடைசி வகுப்பில்தான், ஏனெனில் கப்பலில் ஏற்றிய சரக்கின் சேதம் லீனிலிருந்து வெளிப்படையாக விலக்கப்பட்டிருக்கிறது. நம் பக்கத்துக்காரருக்குக் கசப்பான விதி என்பது என் எண்ணம்.

விடையில் ஒரு கணக்கும் போட்டுக் காட்டுங்கள். விற்ற தொகை 10 கோடி. சம்பளமும் துறைமுகக் கட்டணமும் 3 கோடி, அடமானம் 6 கோடி. மிஞ்சும் 1 கோடிக்கு 3 கோடி கேட்கும் மற்றவர்கள் அவரவர் கேட்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கே பெறுவார்கள். லீன் பொதுவாக ஓராண்டில் காலாவதியாகும், சம்பளத்துக்கு மட்டும் இரண்டாண்டு என்பதால், வினாவில் தேதி இருந்தால் வரிசையில் இடம் கொடுக்கும் முன் அதைச் சரிபார்த்துவிடுங்கள்.