இஞ்சி டீ திரிந்தால் பால்காரரைத் திட்டாதீர்கள்

டீ போடுவதில் வீட்டுக்கு வீடு ஒரு சட்டம் உண்டு. என் சட்டம், முதலில் தண்ணீர், அப்புறம்தான் பால். நாம் வாங்குவது பெரும்பாலும் சி.டி.சி. தூள். இலையை இயந்திரத்தில் நசுக்கி, கிழித்து, சுருட்டிய சரக்கு. சாறு சட்டென்று இறங்கிவிடும். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் தூளைப் போட்டு இரண்டு மூன்று நிமிடம் விட்டால் போதும். ஸ்ட்ராங்காக வேண்டுமென்றால் தூளைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். கூட்டினால் துவர்ப்புதான் ஏறும். பால் ஊற்றியதும் அந்தத் துவர்ப்பு ஓரளவு அடங்கக் காரணம், தேயிலையில் துவர்ப்பைத் தரும் டானினைப் பாலின் புரதம் பிடித்துக்கொள்வதுதான்.

இஞ்சி விஷயத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பச்சை இஞ்சியில் புரதத்தை உடைக்கும் நொதி இருக்கிறது. தட்டிய கையோடு பாலில் போட்டால், நல்ல பாலே திரிந்துவிடும். தண்ணீரிலேயே இஞ்சியை நன்றாகக் கொதிக்கவிட்டால் அந்த நொதி செத்துப்போகும். பிறகு பாலைத் தைரியமாக ஊற்றலாம். ஏலக்காய் மட்டும் கடைசியில், இல்லாவிட்டால் வாசனை ஆவியோடு போய்விடும்.

டீ போட சர்வதேசத் தரநிர்ணயமே இருக்கிறது தெரியுமா? 1980இல் வந்த ஐ.எஸ்.ஓ. 3103. 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் ஊற வேண்டும். சுவையை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுக்கூடங்களுக்கான முறை அது. இதே முறையை ஆறு பக்கத்துக்கு எழுதிய பிரிட்டிஷ் தரநிர்ணய அமைப்புக்கு 1999இல் இக் நோபல் என்ற, நோபலைக் கிண்டல் செய்யும் வேடிக்கைப் பரிசைக் கொடுத்துச் சிரித்தார்கள். அந்த டீயை நம் ஊரில் நீட்டினால், சர்க்கரை டப்பா எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள்.